பொய் சொல்லாத அலகை

நெற்றியில் விரல் வைத்து நாம் தொடங்கும் மன்றாட்டின் இலத்தீன் வடிவத்தில் முதல் இரு சொற்கள் 'இன் நோமினே' என்பன. 'பெயராலே' என்பது பொருள். அவ்விரு சொற்களையே தலைப்பாகக் கொண்ட ஓர் ஆட்டநூல் சென்ற தவக்காலத்தில் என் கைக்கு வந்தது. தந்தவன் என் தங்கை மகன். பெங்களூரில் கணினித் துறையில் பணிபுரிகிறான். "மாமா, இதை ஆடுவது பாவமா என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார். நீங்கள் படித்துப் பார்த்துச் சொன்னால் ஒப்புக்கொள்வார்" என்றான். அவனும் அவன் நண்பர் மூவரும் ஞாயிறு மாலைகளில் கூடி ஆடுகின்றனர். நால்வரும் அலகைகள். வானதூதராய் வேடம் புனைந்து, வானதூதர் குழு ஒன்றினுள் புகுந்து, நம்பிக்கையைப் பெற்று, வேளை வாய்க்கும்போது காட்டிக்கொடுப்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட கதை. ஐந்தாமவர் கதைநடத்துநர், எதிர்ப்படும் வானதூதர் அனைவரும் அவர் குரலில்தான் பேசுவர்.

இவ்வகை ஆட்டத்தை அறியாத வாசகருக்கு ஒரு சொல். பலகையும் காயும் இதற்கு இன்றியமையாதன அல்ல. ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, "நான் இதைச் செய்கிறேன், இதைச் சொல்கிறேன்" என்று வாயாலேயே கதையை வளர்ப்பர். முயற்சி பலிக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். 1974-இல் அமெரிக்காவில் வெளியான 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' இதன் முன்னோடி. 1980-களில் அந்நாட்டுக் கிறிஸ்தவர் பலர் அதைப் பேய் வழிபாடு என்றே அஞ்சினர். 1989-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பிலிருந்து அலகைகளைக் குறிக்கும் சொற்களையே நீக்கிவிட்டனர். அதே 1989-இல் பிரான்சில் குரோக் என்னும் புனைபெயர் கொண்ட ஆசிரியர், அஞ்சியோரைச் சீண்டுவது போல, 'இன் நோமினே சாத்தானிஸ்', 'மாக்னா வெரித்தாஸ்' என்னும் இரட்டை ஆட்டத்தை வெளியிட்டார். ஒன்றில் ஆடுவோர் அலகைகள், மற்றதில் வானதூதர்; இரண்டிலும் கேலியே மேலோங்கியது. அதைத் தழுவி 1997-இல் அமெரிக்காவில் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் வெளியிட்டதே என் கையில் இருந்த நூல். கேலி அடங்கி, ஒருவகைத் தத்துவக் கனம் ஏறியிருக்கிறது.

முதலில் நூலின் மெய்யான சிறப்பைச் சொல்லிவிட வேண்டும். இதில் வானதூதர் ஏழு அணியினர். அவர்களில் ஆறு அணியினர் வீழ்ந்தால் எவ்வகை அலகையாவர் என்று நூல் வகுத்திருக்கிறது. நம் பழைய செபங்கள் பக்திச்சுவாலகர் என்றழைத்த செராபீன்கள் இங்கே பொய்யைக் கேட்டமாத்திரத்தில் உணர வல்லவர்கள். அவர்களில் ஒருவர் வீழ்ந்தால், தன் பொய்யைத் தானே நம்பும் பொய்யராவார். ஞானாதிக்கர் என நாம் அறிந்த கெருபீன்கள் அன்பினால் பற்றிக் காப்பவர்கள். வீழ்ந்தால் அப்பற்று அன்பற்ற பின்தொடர்தலாய் மிஞ்சும். மனிதரின் உணர்வுகளைப் பற்றின்றி நோக்கி நடுநிலை காப்போர் வீழ்ந்தால், உணர்வுகளைப் பிறர் மேல் சாட்டையாய் வீசும் தண்டிப்போராவர். அலகைக்கெனத் தனியான ஆற்றல் ஏதுமில்லை. இருப்பது வானதூதரின் கொடை, திரிந்துபோன நிலையில். தீமைக்குச் சொந்த இருப்பு இல்லை, அது நன்மையின் குறைவே என்று புனித அகுஸ்தினார் கற்பித்ததும், அலகைகள் இயல்பால் நல்லவையாகவே படைக்கப்பட்டுத் தாமே தீயவையாயின என்று 1215-இல் நான்காம் இலாத்தரான் சங்கம் அறிக்கையிட்டதும் இதுவே அன்றோ! மறைக்கல்வி வகுப்பில் நான் முப்பது ஆண்டுகள் தடுமாறி விளக்கியதை ஓர் ஆட்டநூலின் பட்டியல் விளக்கிவிட்டதே என்று சிறிது பொறாமையும் கொண்டேன்.

இப்பட்டியலில் என்னைத் தூங்கவிடாத ஓர் இனம் உண்டு. 'ஹப்பலா' என்று நூல் பெயரிடும் அத்தண்டிப்போர் தங்களை அலகை என்று ஒருபோதும் ஒப்புவதில்லை. நாங்கள் இன்னும் கடவுளின் தூதர்களே, நலிந்தோரைச் சோதித்து ஒறுக்கவே அவர் எங்களை நரகிற்கு அனுப்பினார் என்பது அவர்களது அசையாத நம்பிக்கை. மற்ற அலகைகள் வானதூதராய் வேடமிட வேண்டும். இவர்களுக்கு வேடமே தேவையில்லை. அலகையும் ஒளியின் தூதராய்த் தன்னைக் காட்டிக்கொள்ளும் என்று திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய எச்சரிக்கையை நாம் பிறரைப் பற்றியதாகவே வாசித்துப் பழகியிருக்கிறோம். தன் வேடத்தைத் தானே நம்பும் ஒருவனைப் பற்றி நினைத்துப் பார்ப்பதில்லை.

இனி குறை. ஆட்டத்தில் மூன்று பகடைகள் உருட்டப்படுகின்றன. மூன்றும் ஒன்றாய் விழுந்தால் கடவுளின் தலையீடு; மூன்றும் ஆறாய் விழுந்தால் அலகையின் தலையீடு. கணக்கிட்டுப் பாருங்கள்: 216 உருட்டலில் ஒன்று அவருக்கு, ஒன்று இவனுக்கு. மற்ற 214-இலும் கடவுள் எங்கோ ஒதுங்கியிருக்கிறார். படைத்தவரும் படைக்கப்பட்டவனும் சம எடையுள்ள இரு தட்டுகளாகிவிடுகின்றனர். ஒளியும் இருளும் இரு சமப் பேராற்றல்கள் என்ற மானிக்கேயக் கொள்கையில் அகுஸ்தினார் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் உழன்று மீண்டார். நூலாசிரியர்கள் அதை அறிந்தே மீட்டெடுத்தனர் என்று நான் கருதவில்லை. இருபுறமும் ஆட வாய்ப்பிருக்க வேண்டும் என்ற ஆட்ட நியாயமே அவர்களை அங்கே கொண்டு சேர்த்திருக்கிறது. ஆயினும் பிழை பிழையே. விண்ணகமும் ஓர் அலுவலகம் போலாகிவிடுகிறது: துறைத் தலைவர்கள், பதவி, பூசல். வழிபாடு மட்டும் எங்கும் கண்ணில் படவில்லை.

ஏன் நால்வரும் அலகைகளையே தெரிந்துகொண்டனர் என்று மருமகனிடம் கேட்டேன். "வானதூதராக ஆடினால் என்ன பேசுவது என்றே தெரியவில்லை, மாமா" என்றான். சி.எஸ். லூயிஸ் 1942-இல் நூலாய் வெளியிட்ட 'ஸ்குருடேப் கடிதங்கள்' மூத்த அலகை ஒன்று இளைய அலகைக்கு எழுதும் அறிவுரைகள். அதற்கு இணையாக, தலைமைத் தூதர் ஒருவர் காவல் தூதருக்கு எழுதுவதையும் படைத்திருக்க வேண்டும், அது தன்னால் இயலாது என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். அலகையின் குரலில் எழுதுவது எளிதாக வந்தது என்றும், ஆனால் உள்ளத்தை வறட்டியது என்றும் குறிப்பிட்டார். லூயிஸுக்கே நேர்ந்தது என் மருமகனுக்கு நேர்ந்ததில் வியப்பில்லை.

நம் ஊர்ப் பாஸ்கா நாடகத்தில் யூதாசாக நடிப்பவர் பாவம் செய்கிறாரா என்று எவரும் கேட்பதில்லையே என்று சிலர் வாதிடக்கூடும். நானும் முதலில் அவ்வாறே தங்கைக்கு விடை எழுத எண்ணினேன். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. யூதாசின் உரையாடல் எழுதி வைக்கப்பட்டது. முத்தமும் முப்பது வெள்ளிக்காசும் முன்பே முடிவானவை. நடிப்பவர் துரோகத்தைக் காட்டுகிறார்; அதைத் திட்டமிடுவதில்லை. இந்த ஆட்டத்திலோ எழுதிவைத்த வசனம் இல்லை. யாரை, எந்தச் சொல்லால், எந்த வேளையில் என்று ஆடுபவனே தன் அறிவைக் கூர்தீட்டிக் கண்டுபிடிக்க வேண்டும். அதைக் கண்ணால் காணாமல் எழுதுவது முறையன்று எனக் கருதி, ஒரு ஞாயிறு மாலை அவர்கள் அறையில் ஓரமாய் அமர்ந்தேன்.

அவர்களுக்கு எதிரே இருந்த இடர் பெரிது. புகுந்த குழுவின் தலைமை ஒரு செராபீனிடம். பொய் சொன்னால் அவர் உணர்ந்துவிடக்கூடும். வானதூதர் எப்படி ஏமாறுவர் என்று வாசகர் ஐயுறலாம். இதயத்தின் மறைபொருளைக் கடவுள் ஒருவரே அறிவார், வானதூதரும் அறியார் என்பதே புனித தாமஸ் அக்குவினாரின் போதனை. மில்டன் தம் 1667-ஆம் ஆண்டுக் காவியத்தின் மூன்றாம் பகுதியில், சாத்தான் இளம் கெருபீனாய் வேடமிட்டுக் கதிரவனில் காவல் நிற்கும் ஊரியேலிடமே பூவுலகுக்கு வழி கேட்டறிவதாகப் பாடியதும் இவ்வடிப்படையில்தான். அங்கே சாத்தான் சொன்னது கலப்பற்ற பொய். இப்பிள்ளைகள் அதனினும் நுட்பமானதைக் கண்டுபிடித்திருந்தனர்: பொய்யே சொல்வதில்லை என்பது அவர்களின் விதி. நால்வரும் ஒரு தாளில் தாம் சொல்லத்தக்க உண்மைகளை மட்டும் எழுதி வைத்திருந்தனர்.

அன்று மாலை மருமகனின் அலகை, குழுவிலிருந்த இளைய தூதர் ஒருவரைப் பற்றிச் செராபீனிடம் மூன்று செய்திகளைச் சொன்னான். அவர் நேற்றிரவு தனியே வெளியே சென்றார். யாரிடமும் சொல்லவில்லை. திரும்பியபோது அவர் கையில் இரத்தம் இருந்தது. மூன்றும் உண்மை. அடிபட்ட குழந்தை ஒன்றைத் தூக்கிச் சென்றதால் வந்த இரத்தம் என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை; எவரும் கேட்கவும் இல்லை. பகடை உருண்டது. செராபீன் பொய் எதையும் காணவில்லை. கதைநடத்துநர் அவ்விளைய தூதரின் குரலில், "சகோதரா, நீயாவது எனக்காகப் பேசுவாய் என்றிருந்தேன்" என்றார். அறையில் சற்று நேரம் எவரும் பேசவில்லை. மருமகன் பகடையைக் கையில் வைத்து உருட்டாமல் திருப்பிக்கொண்டிருந்தான்.

இன்னொன்றும் கண்டேன். காட்டிக்கொடுப்பதையே தொழிலாய்க் கொண்ட நால்வரும் ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்கவில்லை. நரகின் இளவரசருள் அஸ்மொதேயுவுக்குச் சொந்த இனத்தாரையே வேவுபார்க்கும் பணியை நூல் அளித்திருக்கிறது. அலகை அலகையை நம்பக்கூடாது என்பதே அதன் போக்கு. ஆனால் நம்பாமல் ஆட்டம் நடவாது. ஆகவே பிள்ளைகள் தம் நட்பை அலகைகளுக்குக் கடன் கொடுத்திருந்தனர். அலகைகளின் இணக்கம் நட்பிலிருந்து எழுவதன்று, மனிதரை வெறுக்கும் பொதுத் தீமையிலிருந்து எழுவது என்று அக்குவினார் எழுதியிருக்கிறார். அத்தகைய இணக்கத்தை இவர்களால் நடித்துக் காட்ட முடியவில்லை. ஒரு விமர்சகனாக இதைக் குறை என்று குறித்துக்கொண்டேன். ஒரு மாமனாக மகிழ்ந்தேன்.

வெளியே வந்து பேருந்துக்காக நிற்கையில் மருமகன், "நான் பொய் எதுவும் சொல்லவில்லையே, மாமா" என்றான். நான் விடை சொல்லவில்லை. காரணத்தை இங்கே எழுதிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், நான் அப்போது வாழ்ந்த பங்கில், என்னுடன் பணியாற்றிய ஒருவரைப் பற்றிப் பங்குத் தந்தையிடம் சில செய்திகள் சொன்னேன். கணக்கேடு இரண்டு நாள் அவர் வீட்டில் இருந்தது. அவ்வாரம் அவருக்குக் கடன் நெருக்கடி. கேட்டபோது முகம் மாறினார். ஒவ்வொன்றும் உண்மை. ஒரு காசும் குறையவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அதைப் பற்றி என்னிடம் கேட்கப்படவில்லை. பங்கின் நலனுக்காகவே பேசுகிறேன் என்று உளமார நம்பினேன். அவர் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டார். அடுத்த ஆண்டு அப்பொறுப்பு எனக்கு வந்தது. ஒப்புரவு அருட்சாதனத்தில் இதை நான் ஒருமுறையும் சொன்னதில்லை. எட்டாம் கட்டளையின் கீழ் என் மனச்சான்றை ஆராயும்போதெல்லாம் 'பொய்ச்சான்று' என்ற சொல்லைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். ஹப்பலா பற்றிய பக்கங்கள் என்னைத் தூங்கவிடாதது ஏன் என்பது வாசகருக்கு இப்போது விளங்கும்.

புனித இஞ்ஞாசியார், 1548-இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற தம் ஆன்மீகப் பயிற்சிகளில், நல்லெண்ணங்களோடு தொடங்கி மெல்ல மெல்லத் தன் நோக்கிற்கு இழுக்கும் தீய தூதனைப் பற்றி எச்சரிக்கிறார். ஓர் எண்ணத்தின் தொடக்கம் மட்டும் நன்றாயிருந்தால் போதாது, நடுவையும் முடிவையும் பார் என்பது அவர் தரும் வழி. தொடக்கம் பங்கின் நலன். முடிவு என் பெயர்ப்பலகை. நடுவில் நின்ற மனிதரின் முகத்தை நான் பார்த்ததில்லை.

தங்கைக்கு என் விடை இது: ஆட்டத்தைத் தடுக்க வேண்டாம், ஆனால் அந்நூலின் கடவுளை நம்ப வேண்டாம் என்று மகனிடம் சொல். நூலைப் பற்றி என் முடிவும் ஏறக்குறைய அதுவே. படைப்பைப் பற்றி அறிந்திருக்கிறது, படைத்தவரைப் பற்றி அறியவில்லை. அலகையும் விரும்பினால் ஒரு தலைமைத் தூதரை நாடி, அழிவின் ஆபத்தைத் தாண்டித் திரும்பலாம் என்று நூல் இடம் தருகிறது. நம் திருச்சபையின் போதனைக்கு இது ஒவ்வாதது. இருப்பினும் மருமகன் அப்பக்கத்தில் ஒரு தாளை மடித்து வைத்திருந்தான். அடுத்த ஞாயிறு தன் அலகை என்ன செய்யும் என்று அவன் இன்னும் நண்பர்களிடம் சொல்லவில்லையாம்.

அம்மனிதரின் முகவரியை நான் தேடிப் பெற்றுவிட்டேன். மடல் இன்னும் மேசையில் இருக்கிறது. இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். இரண்டிலும் எல்லாம் உண்மையாகவே இருந்தன.