குப்வாட் ஊரும் நம் வீட்டுத் தமிழும்

மொழி கெட்டுவிட்டது என்று கூறுவோர் பெரும்பாலும் சொற்களையே எண்ணுகின்றனர். பிள்ளை பேசும் ஒரு வாக்கியத்தில் இத்தனை இந்திச் சொல், இத்தனை ஆங்கிலச் சொல், எஞ்சியது தமிழ் என்று கணக்கிட்டுப் பெருமூச்சு விடுகின்றனர். வெளிமாநிலத் தமிழர் கூடும் கூட்டங்களில் இக்கணக்கு ஆண்டுதோறும் ஒப்பிக்கப்படுகிறது. இது சரியான கணக்குத்தானா என்னும் ஐயத்தை என்னுள் எழுப்பியவை இரண்டு எழுத்துகள். ஒன்று ஒரு சிற்றூரைப் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரை. மற்றொன்று ஒரு பேராசிரியரின் சொற்பொழிவுத் தொகுதி. ஓராண்டு இடைவெளியில் அச்சேறிய இவற்றை மொழியியலார் இன்றும் எடுத்தாள்கின்றனர். இரண்டையும் நான் போற்றுகிறேன். இரண்டோடும் எனக்கு வழக்கும் உண்டு.

முதலில் சிற்றூர். மராட்டிய மாநிலத்தில் சாங்லி நகரை அடுத்து, கன்னட நாட்டு எல்லைக்கு அணித்தாக உள்ளது குப்வாட். 1960களில் அங்கு ஏறத்தாழ மூவாயிரம் பேர் வாழ்ந்தனர். நிலமுடைய சமணர்களுக்கும் இலிங்காயத்துகளுக்கும் வீட்டுமொழி கன்னடம், முஸ்லிம்களுக்கு உருது, நிலமின்றிக் கூலிக்கு உழைத்த ஒடுக்கப்பட்ட மக்களுக்கு மராத்தி, கயிறு திரிக்கும் சில குடும்பத்தாருக்குத் தெலுங்கு. கன்னடமும் மராத்தியும் அங்கு அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாக அருகருகே வழங்கியவை. உருது வந்து சேர்ந்து மூன்று நான்கு நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. ஜான் கம்பர்ஸ், ராபர்ட் வில்சன் என்னும் இருவர் இவ்வூர்ப் பேச்சை ஆராய்ந்து எழுதிய கட்டுரை, டெல் ஹைம்ஸ் பதிப்பித்த தொகுதி ஒன்றில் 1971இல் வெளிவந்தது.

அவர்கள் கண்டது வியப்புக்குரியது. நாள்தோறும் இரண்டு மூன்று மொழிகளை மாற்றி மாற்றிப் பேசியதன் விளைவாக, அவ்வூரில் மொழிகளின் சொற்கள் வேறாகவே இருக்க, வாக்கிய அமைப்பு மட்டும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டது. ‘கீரை சிறிது அறுத்து எடுத்து வந்தேன்’ என்று ஒருவன் சொல்ல நினைத்தால், கன்னடம், மராத்தி, உருது மூன்றிலும் அதே வரிசையில் அதே உறுப்புகள் அமைகின்றன. ஒரு மொழியின் உறுப்பை எடுத்துவிட்டு அவ்விடத்தில் மற்றதன் உறுப்பை வைத்தால் போதும், மொழிபெயர்ப்பு முடிந்தது.

இதில் தமிழர் நின்று நோக்க வேண்டிய இடம் பால் பாகுபாடு. இந்தியிலும் உருதுவிலும் உயிரற்ற பொருளுக்கும் ஆண்பால் பெண்பால் உண்டு. தமிழும் கன்னடமும் பொருளை நோக்கிப் பால் வகுப்பவை. தொல்காப்பியர் உயர்திணை, அஃறிணை என்று பிரித்த நெறியே அது. குப்வாட்டில் கன்னடத்தின் நெறி மற்ற இரண்டையும் வென்றுவிட்டது. அவ்வூர் உருதுவில் பெண்மக்களைக் குறிக்கும் பெயர்கள் மட்டுமே பெண்பால். ஏனைய யாவும் ஆண்பால். மராத்தியிலோ மக்களல்லாத எல்லாம் அலிப்பாலுக்குள் அடங்கிவிட்டன. (அலுவலகத்தில் இருபது ஆண்டுகள் இந்தியில் குறிப்பெழுதிய பின்னும் ‘பைல்’ பெண்பால் என்பதை நொடிப்பொழுது நின்று நினைவுகூர்பவன் நான். குப்வாட் முஸ்லிம்கள்மேல் எனக்குப் பொறாமை எழுந்தது உண்மை.) கன்னடம் கொடுத்ததோடு நில்லாமல் பெற்றும் கொண்டது. ‘இது உங்கள் வீடு’ என்பதற்குத் தமிழைப் போலவே கன்னடத்திலும் வினைச்சொல் வேண்டா. குப்வாட் கன்னடமோ மற்ற இரு மொழிகளையும் பின்பற்றி அங்கொரு வினையைச் சேர்த்துக்கொண்டது.

இன்னொன்று. கேட்பவரையும் உளப்படுத்திச் சொல்வது ‘நாம்’. விலக்கிச் சொல்வது ‘நாங்கள்’. இந்தியிலும் உருதுவிலும் இரண்டுக்கும் ‘ஹம்’ ஒன்றே. மராத்தியில் ‘ஆபண்’, ‘ஆம்ஹி’ என இரண்டு உண்டு. திராவிட மொழிகளின் உறவால் மராத்திக்கு வாய்த்தது அது என்பது அறிஞர் பலர் கருத்து. குப்வாட் உருது இந்தப் பாகுபாட்டை மராத்தியிடமிருந்து ஏற்றுக்கொண்டது. இல்லாத ஒன்றைப் பக்கத்து வீட்டாரிடமிருந்து பெற்றுக்கொண்ட மொழி அது.

இப்பகுதியைப் படித்தபோது என் வீட்டில் நிகழ்ந்த ஒன்று நினைவுக்கு வந்தது. விருந்தாக வந்திருந்த பெரியவர் ஒருவரிடம் என் மகள், “மாமா, நாம நாளைக்கு ஊருக்குப் போறோம்” என்றாள். அவர் சிரித்து, “என்னையும் கூட்டிண்டு போறியா அம்மா?” என்றார். குழந்தைக்கு அவர் கேள்வியே விளங்கவில்லை. அவள் சொன்ன வாக்கியத்தில் பிறமொழிச் சொல் ஒன்றுகூட இல்லை. நம் கூட்டங்களில் போடும் கணக்கின்படி அதற்கு நூற்றுக்கு நூறு மதிப்பெண். ஆயினும் உள்ளே நின்று பேசியது ‘ஹம்’. அதே பெரியவர் சற்று முன்னர்த்தான், “டிராபிக்ல பஸ்ஸை மிஸ் பண்ணிட்டேன்” என்று சொல்லியிருந்தார். பண்ணியதைத் தவிர மற்றவை எல்லாம் ஆங்கிலம். ஆனால் வேற்றுமை உருபு, துணைவினை, வாக்கிய வரிசை ஆகிய யாவும் இம்மியும் பிசகாத தமிழ். சொல்லெண்ணும் முறை முதலதைப் புகழ்ந்து இரண்டாவதை இகழும். குப்வாட் கட்டுரை நமக்குச் செய்யும் பேருதவி, இம்முறையின் குறையைக் காட்டுவதே.

அதற்காக ‘நாம்’, ‘நாங்கள்’ மயங்கியதால் தமிழ் அழிந்தது என்று நான் முறையிடவில்லை. இன்றைய கன்னடத்தில் அப்பாகுபாடு இல்லை. கன்னடம் கன்னடமாகவே இருக்கிறது. குப்வாட் உருதுவும் தன் பால் பாகுபாட்டைப் பெரும்பாலும் இழந்தும் அவ்வூர் முஸ்லிம்களுக்கு உருதுவாகவே இருந்தது.

கட்டுரையோடு என் வழக்கு வேறிடத்தில் தொடங்குகிறது. இலக்கணம் ஒன்றான பின்னும் மொழிகள் ஏன் ஒன்றாகவில்லை? ஒவ்வொரு சாராரும் வீட்டில் தத்தம் மொழியையே பேச வேண்டும் என்னும் கட்டுப்பாடு இருந்தது. ஆகவே சொற்கள் தனித்து நின்றன என்கின்றனர் ஆசிரியர்கள். விடை சரி. ஆனால் அந்தக் கட்டுப்பாடு எதன்மேல் நின்றது? நிலமுடையவன் தெரு ஒன்று, கூலிக்காரன் தெரு மற்றொன்று. ஒருவர் வீட்டுக்குள் மற்றவர் நுழையாத ஏற்பாடு. மொழிகள் பிழைத்திருந்தமைக்கு ஊர் கொடுத்த விலை அது. இதை ஆசிரியர்கள் அறியாதவர் அல்லர், குறிப்பிட்டும் இருக்கின்றனர். எனினும் இலக்கண அட்டவணைகளில் காட்டிய ஊக்கத்தை இங்கே காட்டவில்லை. மேலும், வீட்டுமொழியைக் காப்பவர் பெண்டிர் எனின் அவர்கள் பேச்சன்றோ முதலில் கேட்கப்பட வேண்டியது? கட்டுரையில் ஓங்கி ஒலிப்பது பல மொழி அறிந்த ஆடவர் குரலே.

ஊரும் அப்படியே நிற்கவில்லை. 1956இல் மாநிலங்கள் மொழிவாரியாகத் திருத்தி அமைக்கப்பட்டன. 1960இல் மகாராட்டிரம் பிறந்தது. பள்ளியும் அலுவலகமும் மராத்தி பேசின. 1998இல் குப்வாட், சாங்லி, மிரஜ் ஆகியன சேர்ந்து ஒரே மாநகராட்சி ஆயின. 2010களில் சோனல் குல்கர்ணி ஜோஷி என்னும் மொழியியலார் பழைய கட்டுரையை மறு ஆய்வு செய்தபோது, உறுப்புக்கு உறுப்பு மாற்றலாம் என்ற பழைய முடிவு அப்படியே பொருந்தவில்லை. மராத்தியை நோக்கிய சாய்வு தெளிவாகத் தெரிந்தது. முன்பு எல்லா மொழிகளும் ஒன்றையொன்று இழுத்தன. பின்பு ஒன்று மட்டும் இழுத்தது.

இனி இரண்டாவது நூல். பிரபோத் பண்டித் தில்லிப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் பேராசிரியராக இருந்தவர், 1975இல் மறைந்தார். இந்தியாவை ஒரு சமூக மொழியியல் பரப்பாகக் கண்டு அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் 1972இல் புணேப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தன. அவருடைய கருத்து நெஞ்சுக்கு இதமானது. மேலை நாடுகளில் குடியேறியவரின் இரண்டாம் தலைமுறை தாய்மொழியைக் கைவிடுவது இயல்பு. கைவிடாவிட்டால்தான் காரணம் தேட வேண்டும். இந்தியாவில் காப்பதே இயல்பு, கைவிடுவதே விதிவிலக்கு. இதற்கு அவர் காட்டும் சான்று பம்பாயில் வாழும் குஜராத்தி மசாலா வணிகர். வீட்டில் குஜராத்தி, காய்கறிச் சந்தையில் மராத்தி, ரயில் நிலையத்தில் இந்தி, மசாலாச் சந்தையில் கச்சியும் கொங்கணியும், சில வேளைகளில் ஆங்கிலம். எதுவும் மற்றொன்றைத் துரத்துவதில்லை. பல நூற்றாண்டுகளாக மதுரையில் வாழ்ந்தும் தம் மொழியை விடாத சௌராட்டிரரை நினைத்தால், பண்டித் கூறியது மெய்யென்றே தோன்றும். அம்மொழியில் தமிழின் இலக்கணம் படிந்த வகையை அவர் தாமே ஆராய்ந்தவர்.

ஆயினும் அவர் வாழ்ந்த தில்லியே அவருக்கு எதிர்ச்சான்று அளித்தது. அதிதி முகர்ஜி தில்லிப் பஞ்சாபியரையும் வங்காளியரையும் ஒப்பிட்டு எழுதிய நூல் 1996இல் வெளிவந்தது. வங்காளியர் தம் மொழியைப் பேணினர். பஞ்சாபியரின் இளைய தலைமுறையோ இந்தியை நோக்கி நகர்ந்தது. இந்திக்கு நெருங்கிய மொழி பஞ்சாபி, ஆதலால் எளிதில் வழுக்கிற்று என்று கூறித் தமிழர் ஆறுதல் கொள்ளலாம். எனக்கு அந்த ஆறுதல் போதவில்லை.

பண்டித்தின் வணிகருக்கு ஐந்து மொழிகளும் பிழைப்புக்கு வேண்டியிருந்தன. குஜராத்திக்கும் வீடு என்னும் உறுதியான இடம் இருந்தது. மதுரைச் சௌராட்டிரருக்கு நெசவும் தெருவும் இருந்தன. மைய அரசு ஊழியனுக்கு என்ன இருக்கிறது? அரசுக் குடியிருப்பு சம்பளப் படியைப் பார்த்து ஒதுக்கப்படுவது, மொழியைப் பார்த்தன்று. எங்கள் படிக்கட்டில் கீழே ஒடியா, எதிரே பஞ்சாபி, மேலே வங்காளம். மாற்றல் வந்தால் இந்தப் படிக்கட்டும் கலையும். இது நல்ல ஏற்பாடு என்றே நான் கருதுகிறேன். சாதித் தெருக்களை மீண்டும் கட்டி அவற்றுள் தமிழைக் காப்பதை நான் வேண்டேன். ஆனால் பண்டித் இயல்பு என்று கண்ட காப்பு அத்தகைய தெருக்களின் காப்பே. தெரு போன பின் எது காக்கும் என்பதற்கு அவர் நூலில் விடை இல்லை. அவர் காலத்தில் அக்கேள்வி இவ்வளவு கூர்மையாக எழாமல் இருந்திருக்கலாம், இப்போது எழுந்துவிட்டது.

நம் ஞாயிறு வகுப்புகளும் இக்கேள்வியைத் தொடுவதில்லை. எழுத்தும் செய்யுளும் கற்பிக்கின்றன; வேண்டியவையே. வகுப்பு முடிந்து தாழ்வாரத்துக்கு வந்ததும் பிள்ளைகள் தமக்குள் பேசிக்கொள்வது இந்தி.

ஆதலால் நம் குடியிருப்புகளை ஆராய யாரேனும் வருவாராயின், பிள்ளைகள் எத்தனை தமிழ்ச் சொல் அறிவர் என்று கேட்டுக் காலத்தை வீணாக்க வேண்டா. ஆறு வயதில் யார் யாரோடு தமிழ் பேசினாய், பத்து வயதில் யாரோடு, பதினைந்தில் யாரோடு என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும். என் வீட்டு விவரத்தை நானே தருகிறேன். மகள் என்னோடும் தன் தாயோடும் தமிழ் பேசுகிறாள். ஒவ்வொரு மாலையும் தொலைபேசியில் பாட்டியோடு நெடுநேரம் பேசுகிறாள். தம்பியோடு இந்தி.