வெயிலின் கணக்கும் டீசலின் கணக்கும்

கரியமில வாயு முதலான வெப்பந்தேக்கும் வாயுக்கள் காற்றில் கலப்பதையே உமிழ்வு என்கிறோம். அதனைக் குறைக்கும் முயற்சிகளில் இராமநாதபுரம் மாவட்டத்தின் பெயர் அடிபடுவதற்குக் கமுதி சூரிய மின்நிலையமே முதற்காரணம். சுமார் 2,500 ஏக்கரில், 25 லட்சம் தகடுகளுடன், 648 மெகாவாட் திறனில் அதானி குழுமம் அமைத்து 2016 செப்டம்பரில் தொடங்கிய இந்நிலையம், ஒரே இடத்தில் அமைந்தவற்றுள் அன்று உலகிலேயே பெரியதாகக் கருதப்பட்டது. இரவும் மேகமும் போக, முழுத் திறனில் ஐந்தில் ஒரு பங்கே ஆண்டுச் சராசரியாகக் கிடைக்கும் என்று கொண்டாலும், ஆண்டுக்கு நூறு கோடி யூனிட்டைத் தாண்டும். இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியேறுவதால், தவிர்க்கப்படும் அளவு ஏழு லட்சம் டன்னைத் தாண்டுகிறது. குடிநீருக்கே குடங்கள் காத்திருக்கும் வறண்ட மாவட்டத்தில் தகடுகளைத் துடைக்க இயந்திரங்களை நாடியதும் பாராட்டுக்குரியதே.

ஆனால் நிறுவிய திறன் வேறு, தொகுப்பு வாங்கிக்கொள்ளும் மின்சாரம் வேறு. சூரிய மின்சாரத்தை எப்போதும் முன்னுரிமையுடன் ஏற்க வேண்டும் என்ற விதி இருந்தும், தமிழ்நாட்டில் சூரிய நிலையங்கள் பலமுறை உற்பத்தியைக் குறைக்கப் பணிக்கப்பட்டன. தொகுப்பின் பாதுகாப்புக்குத் தேவையில்லாத அத்தகைய குறைப்புக்கு இழப்பீடு தர வேண்டும் என்று மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. சூரிய மின்சாரத்துக்குத் தொடக்கத்தில் யூனிட்டுக்கு 7.01 ரூபாய் எனக் குறிக்கப்பட்ட விலை, 2017 ஏலத்தில் இதே மாநிலத்தில் 3.47 ரூபாய்க்கு இறங்கிவிட்ட நிலையில், விலை கூடிய மின்சாரத்தை நிறுத்திவைக்கும் ஆசை வாங்குபவருக்கு எழுவது வியப்பன்று.

இதனினும் பெரிய குறை, மெகாவாட்டை மட்டுமே எண்ணும் பார்வையில் இருக்கிறது. அதே மாவட்டத்தின் கடற்கரையில், மண்டபத்திலும் பாம்பனிலும் இராமேசுவரத்திலும், வாழ்க்கையை ஓட்டும் எரிபொருள் மின்சாரமன்று, டீசல். 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில், விசைப்படகு ஒன்றுக்கு ஆண்டுதோறும் சலுகையில் தரப்படும் டீசல் 18,000 லிட்டரிலிருந்து 19,000 லிட்டராக உயர்த்தப்படும் என்று முதலமைச்சர் அறிவித்தார். ஒரு லிட்டர் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வருவதால், ஒரே படகின் பங்கு ஐம்பது டன்னைத் தாண்டுகிறது. மீன்பாடு குறைந்து எரிபொருள் செலவு ஏறிய காலத்தில் அந்தச் சலுகையை மீனவர் கேட்டதில் குற்றமில்லை. ஆனால் ஒருபுறம் உமிழ்வைக் குறைத்ததாகக் கணக்கெழுதும் அரசு, மறுபுறம் அதை மானியத்தால் வளர்ப்பதை ஒரே ஏட்டில் எழுதிப் பார்ப்பதில்லை.

விந்தை என்னவெனில், இக்கடலில் டீசலை மிச்சப்படுத்திய ஏற்பாடுகள் உமிழ்வுக் குறைப்பின் பெயரால் வந்தவையல்ல. விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு எஞ்சிய நாள் என்ற பாக் நீரிணை வழக்கம் இரு தரப்பின் மோதலைத் தணிக்க எழுந்தது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் நீளும் தடைக்காலம் மீனின் இனப்பெருக்கத்துக்கானது. இழுவலையை விட்டுத் தூண்டிலுக்கும் செவுள்வலைக்கும் மாற, 2017இல் ஆழ்கடல் மீன்பிடித் திட்டம் தொடங்கப்பட்டது. மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து படகுவிலையில் எழுபது விழுக்காட்டை ஏற்றுக்கொண்டும், 2,000 படகு என்ற இலக்கில் சிறுபகுதியே நிறைவேறியது. கனத்த வலையைக் கடலடியில் மணிக்கணக்கில் இழுப்பதுதான் டீசலை விழுங்குகிறது என்பதால், வலையை மாற்றும் இத்திட்டத்துக்குள் உமிழ்வுக் குறைப்பும் அடங்கியிருந்தது. எனினும் மன்னார் வளைகுடாவைக் கடந்து தொலைவு செல்ல வேண்டிய பயணத்தின் எரிபொருள் அந்த ஆதாயத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். மின்கலத்தால் ஓடும் படகு இன்றைய நிலையில் இழுவைத் தொழிலின் நீண்ட நேர உழைப்புக்கு ஈடுகொடுக்காது. ஆகவே பலன் தரக்கூடியது இயந்திரத்தை மாற்றுவதினும் தொழில்முறையை மாற்றுவதே. அதனால் மிச்சமாகும் டீசலை அளப்பதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை; சலுகை டீசல் படகுவாரியாகப் பதிந்தே வழங்கப்படுகிறது.