விரித்து வைத்த இறக்கைகள்: அக்ரிலிக்கில் வண்ணத்துப்பூச்சி தீட்டுவது பற்றி

அக்ரிலிக்கில் கேன்வாஸ் ஓவியம் பழக வருகிறவர்களுக்கு முதல் சில வகுப்புகளுக்குள்ளேயே வந்து சேரும் பாடம் வண்ணத்துப்பூச்சி. கோடை விடுமுறைப் பயிற்சிகளிலும் வார இறுதி வகுப்புகளிலும் காணொளிப் பாடங்களிலும் அதன் செய்முறை ஏறக்குறைய ஒன்றுதான். பின்னணியில் இரண்டு மூன்று நிறங்களைக் கலந்து இழுத்துக் காயவிட வேண்டும். அச்சுத்தாளில் இருக்கும் வடிவத்தைக் கார்பன் தாள் வைத்துப் படியெடுக்க வேண்டும். இறக்கைகளை நிரப்பி, கறுப்பில் நரம்புகளை இழுத்து, ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகள் வைத்தால் ஒரே அமர்வில் படம் முடிந்துவிடும். வீட்டுக்கு எடுத்துப் போய் மாட்டலாம்.

இந்த நடைமுறையை ஏளனமாகப் பார்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இதில் உண்மையான பலன்கள் இருக்கின்றன. ஆனால் இதில் உள்ள பெரிய குறையைப் பலரும் வண்ணத்தின் மேல் சுமத்துகிறார்கள். அக்ரிலிக் தட்டையானது, பிளாஸ்டிக் போன்றது, இறக்கையின் மென்மை அதற்கு வராது என்கிறார்கள். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி, நாம் அந்த வண்ணத்தை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதில் இருக்கிறது. திருத்திக்கொண்டே இருக்க இடம் தரும் ஒரு வண்ணத்தை, பார்க்காமலே முடித்துவிடப் பயன்படுத்துகிறோம்.

முதலில் வண்ணத்தின் இயல்பு. எண்ணெய் வண்ணத்துக்கு ஐந்து நூற்றாண்டுகளைத் தாண்டிய வரலாறு உண்டு. நீரில் கரையும் அக்ரிலிக் ஓவியர்களின் கைக்கு வந்தது 1950களின் நடுவில்தான். நிறமித் தூள், அக்ரிலிக் பாலிமர், நீர் இவை சேர்ந்த பால்மம் அது. நீர் ஆவியானதும் பாலிமர்த் துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கி இணைந்து படலமாகின்றன. அப்படிக் காய்ந்த படலம் மறுபடி நீரில் கரையாது. வண்ணத்துப்பூச்சியைப் பொறுத்தவரை அக்ரிலிக்கின் பலம், பலவீனம் இரண்டுமே இந்த ஒரு குணத்திலிருந்து பிறக்கின்றன.

பலத்தைப் பார்க்க, நம் ஊரில் எல்லாரும் பார்த்திருக்கும் வெந்தய வரியனை எடுத்துக்கொள்வோம். எருக்கஞ்செடி இருக்கும் இடமெல்லாம் இருக்கும். இறக்கை விரிப்பு 7, 8 சென்டிமீட்டர். செம்மஞ்சள் இறக்கை, கறுப்பான முன்னிறக்கை நுனி, அந்தக் கறுப்பின் மேல் தெளிவான வெள்ளைத் திட்டுகள். இதை நீர்வண்ணத்தில் தீட்டினால் வெள்ளைத் திட்டுகளுக்கான இடத்தைத் தொடக்கத்திலேயே தாளில் விட்டுவைக்க வேண்டும். எண்ணெயில் தீட்டினால் கறுப்பு காய நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் வெள்ளை சாம்பலாகும். அக்ரிலிக்கில் கறுப்பு சில நிமிடங்களில் காய்ந்துவிடும். அதன் மேல் டைட்டானியம் வெள்ளையைத் தொட்டு வைத்தால் அது வெள்ளையாகவே நிற்கும். இடம் பிசகினால் அதன் மேலேயே கறுப்பைப் பூசி மீண்டும் வைக்கலாம். அழுத்தமான நிறங்கள் அடுக்கடுக்காக அமைந்த இந்த இறக்கைக்கு இதைவிடப் பொருத்தமான வண்ணம் அரிது.

நடைமுறை வசதிகளும் சிறியவை அல்ல. டர்பன்டைன் நெடி இல்லை. தூரிகையைக் கழுவத் தண்ணீர் போதும். ஆளிவிதை எண்ணெய் காலப்போக்கில் மஞ்சளாகும். அக்ரிலிக்கில் அந்தச் சிக்கல் மிகக் குறைவு. சமையலறை மேசையில், குழந்தை தூங்கும் நேரத்தில் ஒருவர் ஓவியம் பழக முடிகிறது என்றால் அதற்கு இந்த வண்ணமே காரணம். ஓவியம் என்பது தனி அறையும் நீண்ட ஓய்வும் உள்ளவர்களுக்கு மட்டுமே என்ற நிலையை அது மாற்றியது. இந்த மாற்றத்தை நான் மனதார மதிக்கிறேன்.

இனி பலவீனம். விரைவாகக் காய்வதால், ஒரு நிறம் இன்னொன்றில் மெல்ல இழையும் இடங்கள் சிரமமாகின்றன. வெந்தய வரியனின் செம்மஞ்சள் ஒரே சீரான நிறம் கிடையாது. உடலருகே ஆழ்ந்து, பின்னிறக்கையில் வெளிறும். அந்த மாற்றத்தைத் தூரிகையால் இழைத்துக்கொண்டிருக்கும்போதே, சித்திரை வெயிலில், மின்விசிறிக்குக் கீழே, வண்ணம் பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் தேய்த்தால் பாதி காய்ந்த படலம் பிய்ந்து வரும். கூடவே இன்னொரு தொல்லை: ஈரத்தில் பால்மம் வெண்மையாக இருப்பதால் நிறம் வெளிறித் தெரியும்; காய்ந்ததும் பிசின் தெளிந்து நிறம் ஒரு படி அடர்ந்துவிடும். நேற்றுக் கலந்த செம்மஞ்சளோடு இன்று கலப்பது பொருந்தாமல் போவது இதனால்தான். பலர் தண்ணீரை மேலும் மேலும் ஊற்றி இதைச் சமாளிக்கப் பார்க்கிறார்கள். அப்போது பிசின் நீர்த்து, படலத்தின் பிடிப்பு தளர்கிறது. உலர்வைத் தாமதப்படுத்தும் ரிடார்டரைச் சிறிதளவு சேர்ப்பதும், ஒளி ஊடுருவும் மெல்லிய பூச்சுகளைக் கிளேசிங் மீடியத்தில் கலந்து ஒன்றன்மேல் ஒன்றாகக் காயவிடுவதும்தான் சரியான வழி. ஒரே அமர்வில் முடிக்கும் வகுப்புகளில் இவற்றுக்கு நேரம் இருப்பதில்லை.

கேன்வாஸும் தன் பங்குக்கு முரண்டு பிடிக்கும். பருத்தித் துணியின் மேடுபள்ளங்களில் உணர்கொம்பு போன்ற மெல்லிய கோடு அறுந்து அறுந்து விழும். ஜெஸ்ஸோ எனும் அடிப்பூச்சை இரண்டு மூன்று முறை பூசி, ஒவ்வொன்றும் காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்தால்தான் லைனர் தூரிகை தடையின்றி ஓடும். கடையில் வாங்கிய கேன்வாஸில் நேரடியாகத் தொடங்குகிறவர்கள் இந்தக் கோட்டை மீட்க அதைத் தடிமனாக்குகிறார்கள். கம்பி போன்ற கறுப்பு உணர்கொம்புகளும் கயிறு போன்ற நரம்புகளும் இப்படித்தான் உருவாகின்றன.

அடுத்தது மேற்பரப்பு. வண்ணத்துப்பூச்சியின் இறக்கை நுண்ணிய செதில்கள் ஓடு வேய்ந்ததுபோல் படிந்த பரப்பு. விரலில் ஒட்டும் தூள் அந்தச் செதில்கள்தான். அந்த வறண்ட மென்மைக்கு எதிர்முனையில் நிற்கிறது பளபளக்கும் அக்ரிலிக் படலம். மேட் மீடியமும் மேட் வார்னிஷும் இதை ஓரளவு சரிசெய்யும். இந்தச் சிக்கல் அக்ரிலிக்கோடு பிறந்ததும் இல்லை. 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ஓட்டோ மார்செயுஸ் வான் ஸ்க்ரீக், காட்டுத் தரையின் இருட்டில் பாம்பும் காளானும் வண்ணத்துப்பூச்சியும் கூடும் படங்களைத் தீட்டியவர். உண்மையான இறக்கைகளையே ஈர வண்ணத்தில் அழுத்திச் செதில்களைப் பதித்தார். எண்ணெய் வண்ணத்தில் தேர்ந்த ஒருவரே இறக்கையின் மேற்பரப்புக்கு முன்னால் தூரிகையைக் கீழே வைத்தார் என்றால், அக்ரிலிக்கை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது.

மார்ஃபோ வண்ணத்துப்பூச்சியின் கதையும் இதுவே. மத்திய, தென் அமெரிக்கக் காடுகளின் இந்த நீல வண்ணத்துப்பூச்சி, காணொளிப் பாடங்களில் திரும்பத் திரும்ப வரும் மாதிரி. அதன் இறக்கையில் நீல நிறமி இல்லை. செதில்களின் நுண்ணிய அடுக்கு வரிகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது நீலம் தோன்றுகிறது. பார்க்கும் கோணம் மாறினால் நீலமும் மாறும். குழாயில் அடைத்த எந்த நீலமும் இதைச் செய்யாது. மைக்காத் துகள் கலந்த மினுமினுப்பு அக்ரிலிக்குகள் கோணத்துக்கேற்பச் சற்று மாறும் என்பது உண்மை. அவற்றை இறக்கை முழுக்கப் பூசினால் வாழ்த்து அட்டை போலாகிவிடும். அடர் நீலத்தின் மேல், ஒளி நேராக விழும் பகுதியில் மட்டும் மெல்லிய கிளேஸாக இட்டால் பலன் உண்டு. எந்தப் பகுதியில் ஒளி நேராக விழுகிறது என்று தெரிய, பூச்சி எந்தக் கோணத்தில் அமர்ந்திருக்கிறது என்று முதலில் முடிவுசெய்ய வேண்டும். அச்சுத்தாளில் இருந்து படியெடுத்த பூச்சியோ எந்தக் கோணத்திலும் அமர்ந்திருப்பதில்லை.

இந்த நடைமுறையின் ஆழமான குறை இங்கேதான் இருக்கிறது. அந்த அச்சுத்தாளைக் கவனித்துப் பாருங்கள். நான்கு இறக்கைகளும் முழுதாக விரிந்திருக்கும். முன்னிறக்கையின் கீழ்விளிம்பு உடலுக்குச் செங்குத்தாக நிற்கும். உயிருள்ள வண்ணத்துப்பூச்சி வெயில் காயும்போது இறக்கையை விரிப்பதுண்டு. அப்போதும் முன்னிறக்கை பின்னோக்கிச் சாய்ந்து பின்னிறக்கையின் ஒரு பகுதியை மூடியிருக்கும். செங்குத்தாக விரிந்த நிலை சேகரிப்பாளர்களின் பலகையில் உருவானது. இறந்த பூச்சியின் இறக்கைகளை ஊசியாலும் தாள் பட்டையாலும் இழுத்துப் பிடித்து உலர்த்தும் நிலை அது. வகைகளை ஒப்பிட்டு அறிய அது மிகவும் பயனுள்ளது. அறிவியலுக்கு அதன் தேவையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்த நிலையை அப்படியே எடுத்து, பூவின் மேல் வைத்து, பின்னால் அந்திவானத்தைத் தீட்டும்போது, அருங்காட்சியகப் பெட்டியில் இருக்க வேண்டியதைத் தோட்டத்தில் பறப்பதாகச் சொல்கிறோம்.

இதனால் ஓவியப் பயிற்சியும் நட்டமடைகிறது. விரிந்த இறக்கையில் இடது வலது இரண்டும் சமம். ஒரு பக்கத்தை வரைந்து தாளை மடித்தால் மறுபக்கம் கிடைத்துவிடும். பாதி திறந்து சாய்ந்து நிற்கும் பூச்சியில் ஒரு இறக்கை அகன்றும் மற்றது ஒடுங்கியும் தெரியும். ஒன்று ஒளியில், ஒன்று நிழலில். கோணத்தால் வடிவம் குறுகுவதையும் நிழலில் நிறம் மாறுவதையும் கற்றுத்தர இதைவிட நல்ல பாடம் கிடையாது. நாம் அதைத் தூக்கி எறிந்துவிட்டு மடிப்பைக் கற்றுத்தருகிறோம்.

இறக்கையின் அடிப்பக்கம் இந்தப் படங்களில் வருவதே இல்லை. இறக்கையை மூடி அமர்ந்த வெந்தய வரியனில் முன்னிறக்கை நுனியின் கறுப்பு மறைந்து மஞ்சள் பழுப்பு தெரியும். பின்னிறக்கை இன்னும் வெளிறியிருக்கும். புள்ளிகளுக்கும் பொருள் உண்டு. பின்னிறக்கையின் நடுவில் ஆணுக்கு நான்கு கரும்புள்ளிகள், பெண்ணுக்கு மூன்று. கூடுதலான அந்த ஒன்று ஆணின் மணப் பை. அது நிற்பது ஆறு கால்களில் அல்ல, நான்கில். முன்னங்கால் இணை குறுகி மார்போடு ஒட்டியிருக்கும். எருக்கம்பாலின் நஞ்சைப் புழுப் பருவத்திலேயே உடலில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தின்னத் தயங்கும். அதனால்தான் அவசரமில்லாமல் தாழப் பறக்கிறது. செம்மஞ்சளும் கறுப்பும் வெள்ளையும் அந்த நஞ்சின் அறிவிப்பு. இதையெல்லாம் அறிந்து தீட்டுபவருக்கு ஒவ்வொரு புள்ளியும் ஒரு முடிவு. அறியாதவருக்கு அவை வெறும் அலங்காரம். ஐந்து வைத்தாலும் ஏழு வைத்தாலும் ஒன்றுதான்.

இதை மறுத்து ஒரு நியாயமான வாதம் சொல்லலாம்: ஓவியம் பூச்சியியல் பாடநூல் இல்லை, ஊதா நிறத்தில் ஒருவர் தீட்டினால் யாருக்கு என்ன நட்டம்? நட்டமில்லைதான். கோலத்திலும் புடவைக் கரையிலும் வரும் வண்ணத்துப்பூச்சியிடம் யாரும் புள்ளிக் கணக்குக் கேட்பதில்லை. அலங்காரத்துக்குத் தனி நியதி உண்டு. ஆனால் அலங்காரமாகப் பார்த்தாலும் அச்சுத்தாள் படங்கள் அந்த நியதியை நிறைவேற்றுவதில்லை. வடிவத்தைத் துணிந்து எளிமையாக்குவதும் இல்லை, கண்ணால் கண்டதைச் சொல்வதும் இல்லை. இரண்டுக்கும் நடுவே நின்று, உண்மை போன்ற ஒன்றை ஒப்பிக்கின்றன.

வேறு வழி இருந்ததற்கு வரலாறு சான்று. பூச்சிகளை ஆராய்ந்து தீட்டிய ஓவியர் மரியா சிபில்லா மேரியன் 1699இல், தன் 52ஆம் வயதில், மகளோடு சூரினாமுக்குக் கப்பலேறினார். 1705இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட நூலில் புழு, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி, புழு தின்னும் செடி எல்லாவற்றையும் பெரும்பாலும் ஒரே படத்தில் சேர்த்தார். பூச்சியை அதன் வாழ்விலிருந்து பிரிக்கக் கூடாது என்ற பார்வை அந்தப் படங்களின் அமைப்பிலேயே இருக்கிறது. வான்கோ 1889 மே மாதம் சான் ரெமி மருத்துவமனையில் ஓர் அபூர்வமான பெரிய அந்துப்பூச்சியைக் கண்டார். அதை வண்ணத்தில் தீட்ட வேண்டுமென்றால் கொல்ல வேண்டியிருக்கும், அவ்வளவு அழகானதைக் கொல்வது பரிதாபம் என்று தம்பி தியோவுக்கு எழுதினார். கோட்டோவியமாக வரைந்துகொண்டு அதிலிருந்து ஓவியம் தீட்டினார். அன்று அவர் எதிர்கொண்ட தடை இன்று நமக்கு இல்லை. கையிலிருக்கும் கைபேசியால் ஒரே பூச்சியைப் பத்துக் கோணங்களில், எருக்கின் மேலேயே, கொல்லாமல் பதிவுசெய்யலாம். இவ்வளவு வசதி வந்தபின்னும் நாம் ஊசி குத்திய பூச்சிக்கே திரும்புவது வருத்தத்துக்குரியது.

இன்னொரு பொறுப்பையும் சொல்லியாக வேண்டும். அக்ரிலிக் என்பது பிளாஸ்டிக். தூரிகை கழுவிய நீரைத் தொட்டியில் கொட்டினால் பாலிமர்த் துகள்கள் சாக்கடை வழியே நீர்நிலைக்குப் போகின்றன. இயற்கையை நேசித்துத் தீட்டும் கை இதைக் கவனிக்காமல் இருக்கக் கூடாது. தூரிகையை முதலில் துணியில் நன்றாகத் துடைப்பதும், கழுவிய நீரை வாளியில் தெளியவிட்டு அடியில் தங்கும் வண்டலை உலர்த்திக் குப்பையில் சேர்ப்பதும் துகள்களை முழுக்க நிறுத்தாது. ஆனால் பெருமளவு குறைக்கும். எந்த வகுப்பிலும் இது முதல் நாள் பாடமாக இருக்க வேண்டும்.

கணக்கைக் கூட்டிப் பார்த்தால், அக்ரிலிக் வண்ணத்துப்பூச்சிக்கு ஏற்ற வண்ணம்தான். குறிப்பாக வெந்தய வரியன் போன்ற அழுத்தமான நிற எல்லைகள் கொண்டவற்றுக்கு. மென்மையான இழைவிலும் மேற்பரப்பிலும் அதற்கு உள்ள தடைகளை மீடியமும் பொறுமையும் பெருமளவு கடக்க உதவும். கடக்க முடியாமல் நிற்பது அச்சுத்தாள். மாணவருக்குத் தன்னம்பிக்கை தருவதற்காக அதை முதல் படத்துக்கு வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது படத்துக்கு அது வேண்டாம். எருக்கஞ்செடி இல்லாத ஊர் நம்மிடம் அரிது. மாணவர்கள் அங்கே போய், இறக்கை மூடிய வெந்தய வரியனைப் பென்சிலில் வரையட்டும். பிறகு கேன்வாஸுக்கு வரட்டும். தவறு நேர்ந்தால் அக்ரிலிக் சில நிமிடங்களில் காய்ந்து, மேலே திருத்த இடம் தரும். திரும்பப் போய்ப் பார்த்துவந்து திருத்துவதற்கு இவ்வளவு இசைவான வண்ணம் ஓவியர்களுக்கு முன்பு கிடைத்ததில்லை. அந்த வசதியைப் பார்ப்பதற்குச் செலவிடும் ஆசிரியரே இந்த வண்ணத்தின் பயனை மாணவரிடம் முழுதாகக் கொண்டுசேர்க்கிறார்.