கிண்டியில் இறங்கி மாறவும்

நியூயார்க்கில் இரண்டு வருஷம் படித்துவிட்டு வந்த என் அண்ணன் மகன், 'சித்தப்பா, இந்த ஊர்ல சப்வே எப்படி?' என்று கேட்டான். 'மழை பெய்தால் நிரம்பிவிடும்' என்றேன். விழித்தான். பாவம், அவன் கேட்டது சுரங்க ரயிலை. சென்னைக்காரனுக்கு சப்வே என்றால் தி.நகர் துரைசாமி சப்வேதானே!

பையனுக்கு அண்ணா சாலையில் எல்.ஐ.சி. பக்கம் வேலை. வீடு குரோம்பேட்டையில். தினம் போய் வர மெட்ரோவா, எலெக்ட்ரிக் ட்ரெயினா? இதுதான் அவன் கேள்வி. உங்களில் பல பேருக்கும் இதே கேள்வி இருக்கும். நான் பி.காம். படித்தவன். எதையும் பற்று, வரவு என்று இரண்டு பக்கமாகப் போட்டுப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. அவனுக்காக ஒரு வாரம் நானே போய் வந்தேன்.

முதலில் மெட்ரோ. குரோம்பேட்டையில் மெட்ரோ கிடையாது. பஸ் பிடித்து ஏர்போர்ட் ஸ்டேஷன் போக வேண்டும். ஏறிவிட்டால் சொர்க்கம். குளுகுளு ஏ.சி., துடைத்து வைத்த தரை, லிஃப்ட், எஸ்கலேட்டர். சக்கர நாற்காலியில் வருகிறவர் யாரையும் கெஞ்சாமல் ஏறி இறங்கலாம். சுமார் அரை மணியில் எல்.ஐ.சி. சட்டை மடிப்புக் கலையவில்லை.

இப்போது பற்றுப் பக்கம். 2021 பிப்ரவரியில் குறைத்த கட்டணப்படி ஒரு நடைக்கு 40 ரூபாய். போக வர 80. மாசம் 26 நாளைக்கு 2,080. கார்டு வைத்திருந்தால் 20 சதவிகிதத் தள்ளுபடி, ஆக 1,664. பஸ் காசு தனி.

அடுத்தது நம்ம பழைய மின்சார ரயில். 1931-லிருந்து பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கிறது. குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். பீச்சிலிருந்து தாம்பரம் வரை சுமார் 29 கிலோமீட்டர் போனாலும் 10 ரூபாய்தான். சீசன் டிக்கெட் எடுத்தால் ஒரு நாள் கணக்கு ஒரு டீ விலைகூட வராது. மெட்ரோ தூங்கி எழுந்திருக்கும் முன்பே கிளம்பி, அது படுத்த பிறகும் ஓடுகிற வண்டி. பூக்கூடை, கொய்யாக் கூடை எல்லாம் ஏறும். ஆனால் நெரிசலில் மூச்சு முட்டும். ஏன் நிற்கிறது என்று சொல்லாமல் நடுவழியில் நிற்கும். எழும்பூரில் இறங்கினால் ஆபீஸுக்கு இன்னொரு பஸ். போய்ச் சேரும்போது சட்டை, சட்டையாக இருக்காது.

வெள்ளிக்கிழமை ராத்திரி மாம்பலத்தில் ஏறினேன். பக்கத்தில் ஒரு பெண்மணி, காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். தி.நகர் ஜவுளிக்கடையில் வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டேதான். கூடுவாஞ்சேரி போக வேண்டும். 'மெட்ரோல போயிருக்கீங்களாம்மா?' என்று கேட்டேன்.

'ஒரு வாட்டி லீவுல பசங்களுக்குக் காட்டக் கூட்டிட்டுப் போனேன் சார். சில்லுனு நல்லா இருந்துச்சு.'

பொருட்காட்சிக்குப் போய் வந்தது மாதிரி சொன்னார். 2015 ஜூனில் மெட்ரோ ஓட ஆரம்பித்தது. பத்து வருஷத்துக்கு மேலாகியும் அவருக்கு அது வேடிக்கை பார்க்கிற பொருள்தான். அவர் வீட்டுப் பக்கமும் அது வரவில்லை. வந்தாலும் அந்தக் காசை அவர் சம்பளம் தாங்காது. அவரைச் சுமப்பது பழைய வண்டி. அந்த வண்டிக்கு என்ன செய்தோம்?

மெட்ரோ வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. 2023-ல் 9.11 கோடி பயணங்கள், 2024-ல் 10.52 கோடி. ஜனங்களுக்குப் பிடித்திருக்கிறது. இரண்டாம் கட்டத்துக்கு 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய் என்று திட்டம் போட்டார்கள். வகுத்துப் பாருங்கள், கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 532 கோடி. செலவழிக்கட்டும். ஆனால் பறக்கும் ரயிலைப் பாருங்கள். 2007-ல் வேளச்சேரியைத் தொட்டது. அங்கிருந்து பரங்கிமலை ஐந்து கிலோமீட்டர். அதற்காகப் பதினைந்து வருஷத்துக்கு மேல் காத்துக் கிடந்தோம். 2023 ஆகஸ்டில் பீச்–சிந்தாதிரிப்பேட்டை பாதையை ஏழு மாசத்துக்கு என்று மூடினார்கள். திறந்தது 2024 அக்டோபர் கடைசியில். எண்ணிக்கொள்ளுங்கள், பதினான்கு மாசம். 2025 ஏப்ரலில் புறநகர் பாதையில் முதல் ஏ.சி. வண்டி விட்டார்கள். சந்தோஷம். குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய், சாதா வண்டியைப் போல ஏழு மடங்கு. ஜவுளிக்கடை அம்மாவுக்கு அதுவும் இன்னொரு பொருட்காட்சி!

சனிக்கிழமைதான் எனக்குப் புத்தி வந்தது. குரோம்பேட்டையில் ரயில் ஏறி, கிண்டியில் இறங்கி, மெட்ரோவுக்கு மாறினேன். ரயிலுக்கு 5 ரூபாய், மெட்ரோவுக்கு 30. கார்டில் 24. மொத்தம் 29 ரூபாய்தான். பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம். முக்கால் மணியில் எல்.ஐ.சி. வாசல். நேரத்தையும் காசையும் சேர்த்துப் பார்த்தால் இதுதான் முதல் மார்க்.

ஆனால் கிண்டியில் அந்த மாறுகிற இடம் இருக்கிறதே, அது பரமபதம். படி ஏறு, பாலம் தாண்டு, பையை ஸ்கேனரில் போடு, மறுபடி ஏறு. ரயிலில் மிச்சம் பிடித்த நிமிஷத்தை அங்கே தொலைக்கிறோம். முழங்கால் வலிக்காரர்களும் கைக்குழந்தைக்காரர்களும் ஒரு நாள் பார்த்துவிட்டு மறுநாள் வரமாட்டார்கள்.

பஸ், மெட்ரோ, ரயில் மூன்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட் எடுக்க 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்' செயலி வந்தது. நல்ல காரியம். ஆனால் செயலி நமக்காகப் படி ஏறாதே. கிண்டி, பரங்கிமலை, எழும்பூர், பார்க் என்று இரண்டு ரயிலும் சந்திக்கிற இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அங்கே பிளாட்பாரத்துக்குப் பிளாட்பாரம் லிஃப்டோடு ஒரு நேர்வழி போடுங்கள். ரயில் சீசன் டிக்கெட் வைத்திருப்பவருக்கு மெட்ரோவில் பாதிக் கட்டணம் கொடுங்கள். ஒரு கிலோமீட்டர் மெட்ரோவுக்கு ஆகிற காசில் இதற்கெல்லாம் தாராளமாக இடம் இருக்கும் என்றுதான் என் பி.காம். புத்திக்குத் தோன்றுகிறது. அதற்கு அப்புறம் மெட்ரோவா, ரயிலா என்று என்னையும் உங்களையும் யாரும் கேட்கமாட்டார்கள்.

இத்தனையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'சரி சித்தப்பா, கடைசியா நான் எதுல போறது?' என்றான் பையன்.

'கிண்டியில் இறங்கி மாறு' என்றேன். 'முழங்கால் நன்றாக இருக்கிற வரைக்கும்.'