ஈர்க்குமாறு கட்டும் கை

பினாங்கின் இரண்டாம் பாலம் 2014இல் திறக்கப்பட்டபின் ஆலைகளும் அடுக்குமாடிகளும் பெருகிவரும் பத்து காவானில், தோட்ட வாழ்வு கற்றுக்கொடுத்த கைவேலைகளுள் பலரும் கண்டுகொள்ளாத ஒன்று, தென்னையோலையிலோ செம்பனையோலையிலோ ஈர்க்குமாறு கட்டுவதாகும். ஈர்க்கு என்பது ஓலையின் ஒவ்வோர் இலைக்கும் நடுவே ஓடும் மெல்லிய நரம்பு. பச்சை மாறாத இலையை இழுத்துப் பிடித்து, கத்தியை அந்நரம்பை ஒட்டிச் சீராக ஓட்டும்போது, இலைத்தாள் ‘சர்ர்’ என்ற ஒலியுடன் சுருண்டு விழ, வளைந்தாலும் ஒடியாத வழவழப்பான குச்சி கையில் எஞ்சுகிறது. கத்தி சற்று அழுந்தினால் ஈர்க்கு அறுந்துவிடும், தயங்கினால் தாள் ஒட்டிக்கொள்ளும் என்பதால், இவ்வேலையின் நுட்பமெல்லாம் விரல்களின் அழுத்தத்தில் அடங்கியுள்ளது.

வெயிலில் உலர்ந்து பழுப்பேறிய ஈர்க்குகளைக் கைகொள்ளும் அளவு சேர்த்து, அடிப்பகுதியைத் தரையில் தட்டி மட்டமாக்கி, கயிற்றால் இறுகச் சுற்றி, பிடியின் நடுவே மரமுளை ஒன்றை அடித்து இறக்கினால், தளர்ந்திருந்த குச்சிகள் நெருங்கிக் கெட்டிப்படுகின்றன. நுனி மெலிந்து விரிந்திருப்பதால், அது மணலை அதிகம் கிளறாமல் சருகைத் திரட்டுகிறது. மழைக்குப்பின் ஈரமண்ணில் ஒட்டிய இலையையும் பெயர்த்துவிடுகிறது. கடையில் மலிவாகக் கிடைக்கும் பொருளே எனினும், வெட்டிக் கழித்த ஓலையிலிருந்து முற்றத்திற்கு வேண்டியதை வீட்டார் தாமே செய்துகொள்ளும் தன்னிறைவு, ஒரு பிற்பகலின் பொறுமையில் கைகூடுவதே இக்கைவேலையின் பெருமை.