சாம்பலா, திருநீறா? கிறித்தவ விழாப்பெயர்த் தமிழாக்கம் குறித்த ஒரு மதிப்பீடு

தவக்காலத்தின் முதல் நாளுக்குத் தமிழ்க் கிறித்தவரிடையே மூன்று பெயர்கள் வழங்குகின்றன: சாம்பல் புதன், விபூதிப் புதன், திருநீற்றுப் புதன். முதலாவது பெரும்பாலும் சீர்திருத்தச் சபைகளிலும், ஏனைய இரண்டும் கத்தோலிக்கரிடையேயும் பயில்கின்றன. வடசொல்லிலிருந்து தமிழ்ச்சொல்லுக்கு நகர்வதே தமிழாக்கத்தின் வளர்ச்சி எனக் கொள்வோர், விபூதிப் புதன் திருநீற்றுப் புதனாக மாறியதை நிறைவான முடிவாகக் கருதுவர். அக்கருத்து மறுபரிசீலனைக்குரியது.

ஆங்கிலத்தின் 'ஆஷ்', ஸ்பானியத்தின் 'செனிசா' ஆகிய சொற்கள் அடுப்பில் எஞ்சியதையும் ஆலயத்தில் பூசப்படுவதையும் ஒருங்கே குறிப்பன. ஆதலால் அம்மொழிகளுக்கிடையே இவ்விழாப்பெயரைப் பெயர்ப்பதில் இடர்ப்பாடில்லை. தமிழிலோ எரிந்து எஞ்சுவது சாம்பல். நெற்றியில் அணிவது திருநீறு. மொழிபெயர்ப்பாளர் ஒன்றைத் தெரிந்தெடுத்தே ஆகவேண்டும்.

தெரிவு எதுவாயினும் இழப்பு உண்டு. சாம்பல் என்பது மனிதரின் நிலையாமையை உணர்த்துகிறது. சடங்கின் புனிதத்தை உணர்த்தவில்லை. திருநீறு புனிதத்தைத் தருகிறது; ஆயின் அதனுடன் சைவ மரபின் பொருளும் சேர்ந்தே வருகிறது. பாண்டியனின் வெப்புநோயைத் தீர்த்ததாகப் போற்றப்படும் சம்பந்தரின் திருநீற்றுப் பதிகம் நினைவுகூரத்தக்கது. அங்கு நீறு காப்பு. நோய் தீர்க்கும் மருந்து. சைவத்திலும் நீறு நிலையாமையை உணர்த்துவதே எனினும், மனமாற்றத்திற்கான துயரக்குறி என்னும் கிறித்தவப் பொருள் அதில் முதன்மை பெறுவதில்லை.

இவ்வேறுபாட்டைக் காஞ்சிபுரத்தில் தெளிவாகக் காணலாம். ஏகாம்பரநாதர் கோயிலைக் கொண்ட சிவகாஞ்சியும் வரதராசப் பெருமாள் கோயிலைக் கொண்ட விஷ்ணுகாஞ்சியும் அமைந்த இந்நகரில், நீறும் திருமண்ணும் அணிந்தவரின் சமயத்தை அறிவிக்கும் குறிகள். இங்குத் திருநீறு என்பது பொதுவான தமிழ்ச்சொல் மட்டுமன்று. சமய அடையாளமும் ஆகும். வைணவர் ஒருவர்க்கே அது தம்முடையதல்லாத சொல். எனவே தமிழ்ச்சொல் என்பதனாலேயே அது எல்லார்க்கும் பொதுவாகிவிடாது.

இதற்கு மாறானது குருத்து ஞாயிறு. ஸ்பானியம் அந்நாளைக் கிளைகளின் ஞாயிறு என்கிறது. தமிழ், மண்ணின் குருத்தோலையை ஏற்றுக்கொண்டது. கோயில் தோரணத்திலும் மணப்பந்தலிலும் பயிலும் குருத்தோலை எந்தச் சமயத்திற்கும் தனிக்குறி அன்று. ஆதலால் அப்பெயர் தடையின்றி நிலைத்தது. முந்தைய ஆண்டின் குருத்தோலைகளை எரித்தே புதனன்று பூசும் சாம்பலைப் பெறுவது திருச்சபை மரபு. ஒரே ஓலை பசுமையாக இருக்கையில் பொதுச்சொல்லைப் பெறுகிறது. எரிந்தபின் சமயச்சொல்லை வேண்டி நிற்கிறது.

ஆகவே கலைச்சொல் தொகுப்போர் இம்மூன்றனுள் ஒன்றையே 'சரியான தமிழ்' என நிறுவி ஏனையவற்றை நீக்குவது பொருந்தாது. எச்சபையார், எப்பொருளை முன்னிறுத்தி, எச்சொல்லை ஆள்கின்றனர் என்ற குறிப்புடன் மூன்றையும் பதிவுசெய்தல் வேண்டும். சொல்லின் பிறப்பை மட்டும் நோக்காது, அது எவர் நெற்றியில் என்ன பொருள் தருகிறது என்பதையும் நோக்குவதே மொழிபெயர்ப்புத் திறனாய்வின் கடமை.