குரல் மூன்று, சாட்சி ஒன்று

ஒருவரைக் குற்றவாளி எனத் தீர்ப்பதற்கு எத்தனை சாட்சியர் வேண்டும் என்பது சட்டநூலார் நெடுங்காலம் ஆராய்ந்த வினா. அச்சாட்சியர் மெய்யாகவே வெவ்வேறானவர்களா என்பது அதனினும் நுண்ணிய வினா. அமெரிக்க நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம், பிராண்டன் மேஃபீல்டு என்பவரின் வழக்கைப் பற்றி 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையைப் பயின்றபோது, இவ்விரண்டாம் வினாவே நம் உள்ளத்தில் மேலோங்கி நின்றது.

நிகழ்ந்தது இது. 2004 மார்ச் 11 அன்று ஸ்பெயின் நாட்டு மாட்ரிட் நகரில் புகைவண்டிகளில் குண்டுகள் வெடித்து 190 பேருக்கு மேல் மாண்டனர். வெடிப்பிகள் இருந்த நீலநிறப் பிளாஸ்டிக் பையொன்றில் ஒரு விரல்ரேகை கிடைத்தது. அதன் படத்தைப் பெற்ற எஃப்.பி.ஐ. நிறுவனத்தின் கணிப்பொறி, ஒத்திருக்கக்கூடும் என 20 ரேகைகளை எடுத்துக் கொடுத்தது. அவற்றுள் நான்காவது, ஓரிகன் மாநிலத்தில் வழக்குரைஞராயிருந்த மேஃபீல்டினுடையது. அவர் முன்னாள் இராணுவ வீரர், இஸ்லாத்தைத் தழுவியவர். நிபுணர் ஒருவர், ரேகை அவருடையதே என்றார். இரண்டாமவரும் மூன்றாமவரும் அதனை ஆமோதித்தனர். பொருந்தவில்லை என ஏப்ரல் 13 அன்று ஸ்பானியக் காவல்துறை தெரிவித்தும் அவர்கள் அசையவில்லை. நீதிமன்றத்தில் அளிக்கப்பட்ட பத்திரத்திலோ பொருத்தம் நூற்றுக்கு நூறு என்று எழுதப்பட்டது. மே 6 அன்று அவர் சிறைப்பட்டார். நீதிமன்றம் அமர்த்திய நான்காம் நிபுணரும் மே 19 அன்று அதே முடிவைச் சொன்னார். அதே நாளில், அந்த ரேகை அல்ஜீரிய நாட்டவர் ஒருவருடையது என ஸ்பெயின் அறிவித்தது. மறுநாள் மேஃபீல்டு வெளியே வந்தார். 2006இல் அமெரிக்க அரசு அவரிடம் மன்னிப்புக் கோரி, 20 இலட்சம் டாலர் இழப்பீடும் வழங்கியது.

அறிக்கையின் நேர்மையை நாம் பாராட்டவே வேண்டும். மங்கிய ரேகையில் முதலில் காணாத நுட்பங்களை, மேஃபீல்டின் தெளிந்த ரேகையைப் பார்த்த பின்னர் நிபுணர்கள் 'கண்டுகொண்டனர்' என்பதை அது மறைக்கவில்லை. முடிவிலிருந்து ஆதாரத்தை நோக்கி நடந்த நடை அது. ஆயினும் அறிக்கை அடுக்கும் காரணங்கள் பலவற்றினும் தலையாயதாக நமக்குத் தோன்றுவது ஒன்று: சரிபார்க்க வந்தவர்கள் முதல்வரின் முடிவை அறிந்தே சரிபார்த்தனர்.

ஹதீஸ் கலையைத் தொடங்கும் மாணவனும் இதன் குறையை உணர்வான். புகாரீ நூலின் தலைப்பில் நிற்கும், நிய்யத்தைப் பற்றிய நபிமொழியை எடுத்துக்கொள்வோம். யஹ்யா இப்னு ஸயீதுக்குப் பின் அதனை அறிவித்தோர் மிகப் பலர். எனினும் அவருக்கு மேலே உமர் (ரலி) அவர்கள் வரை ஒவ்வொரு படியிலும் ஒருவரே நிற்பதால், அறிஞர்கள் அதனை முதவாத்திர் என்னும் வகையில் சேர்க்கவில்லை. அது ஏற்கப்படுவது பின்வந்த கூட்டத்தின் எண்ணிக்கையாலன்று. மேலே தனித்து நின்ற ஒவ்வொருவரின் வாய்மையும் நினைவாற்றலும் சோதித்தறியப்பட்டமையாலேயே. மேஃபீல்டு வழக்கிலோ அந்த முதல் கண் சோதிக்கப்படவில்லை. பின்வந்த குரல்கள் எண்ணப்பட்டன.

இஃது ஒருநாள் தவறன்று என்பதை இத்தியேல் துரோர் என்னும் ஆய்வாளரும் அவர்தம் துணைவரும் 2006இல் காட்டினர். அனுபவமிக்க நிபுணர் ஐவருக்கு, முன்பு அவர்களே பொருந்துகின்றன எனத் தீர்த்திருந்த ரேகைகளைக் கொடுத்து, இவை எஃப்.பி.ஐ. தவறிய அந்த மாட்ரிட் ரேகைகள் என்று சொல்லிவைத்தனர். ஐவருள் நால்வர் தம் பழைய முடிவினின்றும் மாறினர். ரேகை மாறவில்லை, செவியில் விழுந்த செய்தியே மாறியது.

நம்மவருட் சிலர் இவ்வழக்கை மதப் பகைமையின் கதையாக மட்டும் படிப்பர். அது போதாது. ரேகையை முதலில் ஒப்பிட்டபோது அவர் முஸ்லிம் என்பதை நிபுணர்கள் அறியார் என்றே அறிக்கை கூறுகிறது. பின்னர் தம் முடிவை மறுபடி ஆராயாமல் விட்டதற்கு அச்செய்தி துணைநின்றிருக்கலாம் என்பதையும் அது ஒப்புக்கொள்கிறது. ஆகவே பிழையைப் பெற்றது முறை. அதனை வளர்க்கத் துணைபோனது ஐயம்.

முறையே பிழையாயின் அதற்கு இரையாவோர் எம்மதத்தாராகவும் இருப்பர். எஃப்.பி.ஐ. நிபுணர்கள் நுண்ணோக்கியால் தலைமயிரை ஒப்பிட்டுக் குற்றஞ்சாட்டப்பட்டோர்க்கு எதிராகச் சாட்சி சொன்ன 268 வழக்குகளில், 257இல் அறிவியல் அனுமதியாத கூற்றுகள் இருந்தன என 2015இல் அந்நிறுவனமே ஒப்பியது. அவற்றுள் மரண தண்டனை பெற்ற 33 பேரும் அடங்குவர். அவர்களுள் 9 பேர் அதற்குள் கொல்லப்பட்டுவிட்டனர். அவர்கள் எல்லாரும் நிரபராதிகள் என்பது நம் வாதமன்று. அவர்களைத் தூக்கிய தராசு பழுதுடையது என்பதே. மேஃபீல்டுக்கு ஒரு ஸ்பெயின் வாய்த்தது, இவர்களுக்கு வாய்க்கவில்லை.

அறிவியலே வேண்டா என்று நாம் சொல்லவில்லை. மரபணுச் சோதனை எத்தனையோ நிரபராதிகளைச் சிறையினின்றும் மீட்டிருக்கிறது. விரல்ரேகை ஒப்பீட்டுக்கு அடிப்படை உண்டு, ஆயினும் அதில் நேரும் பிழை மக்கள் எண்ணுவதினும் மிகுதியாக இருக்கக்கூடும் என 2016இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் அறிவியல் ஆலோசகர் குழு உரைத்தது. இதுவே நடுநிலையான சொல். நூற்றுக்கு நூறு என்பதோ நிபுணரின் கண்ணுக்கு உரிய சொல்லன்று.

நிபுணர் கூண்டேறும்போது நீதிபதி அவரிடம் கேட்கத்தக்க வினா ஒன்று உண்டு: "பார்ப்பதற்கு முன்பே விடையை உமக்கு யாரேனும் சொன்னார்களா?" ஆம் எனில், அவருடையது இன்னொரு சாட்சியாகாது; முன்னவர் குரலின் எதிரொலியே ஆகும்.